ஒட்டாமல், நசுக்காமல்: விளையாட்டு ஜெர்சிக்குக் கண்ணாடி பிரேம் போடும் முழு முறை

அக்கா மகனின் கபடி ஜெர்சியில் இருந்த 7 இப்போது பாதிதான் மிச்சம். மீதிப் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. மாவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்த பையன் என்று ஆசையாகப் பிரேம் போடக் கொடுத்தோம். கடையில் சாமி படத்துக்குப் போடுவதைப் போலவே போட்டார்கள். பின்னால் ஹார்ட்போர்டு, அதில் பசை தடவி ஜெர்சி, அதை அழுத்திக்கொண்டு கண்ணாடி, சுற்றிலும் பீடிங். வந்த அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் உள்ளே வேர்த்த மாதிரித் தடம் தெரிய, திறந்தேன். கண்ணாடியைத் தூக்கியபோது எண்ணும் கூடவே எழுந்தது, பழைய ஸ்டிக்கர் உரிகிற சத்தத்தோடு. முதுகுப் பக்கத் துணியோ போர்டை விட்டு வரவே இல்லை.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தொழில் கற்றது காகிதத்தில். படம் தட்டையாக இருக்கும், அதற்குச் சொந்தமாக எடை என்று ஒன்று கிடையாது. ஜெர்சி துணி. தொங்கும், தன் எடையாலேயே கீழே இழுபடும், ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் விடும். அதனால் இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கணக்கு: நாளைக்குத் திறந்தாலும் இருபது வருஷம் கழித்துத் திறந்தாலும், ஜெர்சி உள்ளே போன மாதிரியே வெளியே வர வேண்டும். பசை, இரட்டைப் பக்க டேப், ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து போட்டது என் மாமாவின் வாலிபால் ஜெர்சி. பல்கலைக்கழக அணிக்கு ஆடியபோது போட்டது. பருத்தி கலந்த நீலத் துணி, முன்னும் பின்னும் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த 5. பெட்டிக்கு அடியில் நாற்பது வருஷம் கிடந்தது. "டேய், இத்துப்போன பனியனுக்கெல்லாம் யாராவது கண்ணாடி போடுவானா?" என்றார். ஆனாலும் எடுத்துக்கொடுக்கும்போது இரண்டு கையாலும்தான் கொடுத்தார். அந்த வேலையை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

முதலில்: எழுத்தும் எண்ணும் எப்படி ஏறியிருக்கின்றன?

ஜெர்சியை வெளிச்சத்தில் விரித்து, எண்ணின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூல் தட்டுப்பட்டால் தைத்தது, பயமில்லை. ரப்பர் மாதிரி வழுவழுப்பாக, துணிக்கு மேலே தனியாக நின்றால் அது சூடு வைத்து ஒட்டிய வினைல். இதுதான் வில்லன். புழுக்கத்தில் இளகி, தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மடித்து வைத்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். விரலில் எதுவுமே தட்டுப்படாமல் நிறம் துணிக்குள்ளேயே ஊறியிருந்தால் அது சப்ளிமேஷன். பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே சாயம் புகுந்திருப்பதால் உரியாது. இன்றைக்கு டீம் ஜெர்சிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

கையெழுத்து வாங்கிய ஜெர்சி என்றால் அது தனி ஜாதி. மார்க்கர் மைக்குத் தண்ணீரும் ஆகாது, சூடும் ஆகாது, வெளிச்சம் அறவே ஆகாது. கையெழுத்து நிற்பதற்காக மேலே ஹேர் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். மை பரவவும் வாய்ப்பு உண்டு, அந்தப் பூச்சே பின்னால் பழுப்பேறவும் வாய்ப்பு உண்டு.

எந்தப் பக்கத்தைக் காட்டப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒருநாள் போட்டி, டி20 ஜெர்சி என்றால் பெரும்பாலும் முதுகுதான், பெயரும் எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. டெஸ்ட் வெள்ளையில் பெயரும் எண்ணும் வந்ததே 2019 ஆஷஸ் தொடரில்தான்; அதற்கு முந்தைய வெள்ளைச் சட்டையின் முதுகில் பார்க்க ஒன்றுமில்லை, முன்பக்கத்தையே வையுங்கள். சென்னை அணியின் மஞ்சள் ஜெர்சியில் 2021-இல் தோள்பட்டையில் ராணுவ உடைக் கோலம் வந்தது நினைவிருக்கும். அதைப் பிரேம் போடுகிறவர்கள் தோளை உள்ளே மடித்தால் அந்த ஜெர்சியின் அடையாளமே போய்விடும். கையெழுத்து எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக்கு மற்ற எல்லாம் வழிவிட வேண்டும்.

துவைக்கலாமா?

கடையில் வாங்கி அவ்வப்போது மாட்டிய ஜெர்சி என்றால் தாராளமாக. வியர்வை உப்பும் உடம்பு எண்ணெயும் துணியில் தங்கினால் வருஷங்கள் போகப் போகப் பழுப்பாகத் தெரியும், பூச்சியையும் கூப்பிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புத் தூள் கொஞ்சம் போட்டு, கையால் அலசினால் போதும். பிளீச் வேண்டாம், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவமும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி ஒற்றி எடுத்து, நிழலில் படுக்கப் போட்டுக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையில் தோள் நீண்டுவிடும்.

கையெழுத்து உள்ள ஜெர்சியைத் துவைக்கவே கூடாது. ஆட்டத்தில் போட்ட ஜெர்சியைத் துவைக்குமுன் உரியவரைக் கேளுங்கள். மாமாவின் ஜெர்சியில் கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் கறை ஒன்று இருந்தது. நான் அதைச் சோப்பு போட்டு ஊற வைக்கக் கிளம்பினேன். "அதைத் தொடாதே. அது கோவில்பட்டில டைவ் அடிச்சப்போ ஒட்டினது" என்றார். நாற்பது வருஷமாக அவர் ஏன் அதைத் துவைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கறையை விட்டுவிட்டேன். மற்ற இடங்களில் தூசியை மட்டும் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன்.

சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டியை நேராக எண்ணின்மேல் வைக்காதீர்கள். வினைல் என்றால் அந்த நொடியே இளகி இழுத்துக்கொண்டு வரும். உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, சிந்தெடிக் சூட்டில் வையுங்கள். இன்னும் பத்திரமான வழி, ஆவிப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து உள்பக்கமாக ஆவி காட்டுவது. அப்புறம் ஒரு முழு நாள் ஆற விடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போகக் கூடாது.

அளவு எடுப்பது

டேப்பைப் பிடிக்குமுன் ஜெர்சியைக் காட்டப்போகிற வடிவிலேயே தரையில் விரியுங்கள். கைகளை முழுதாக நீட்டினால் பிரேம் கதவு அளவுக்குப் போய்விடும். கைகளைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து, கீழ்நோக்கி இறக்கி வைத்தால் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும், இடமும் மிஞ்சும்.

மாமாவின் ஜெர்சி கைகளை இறக்கியபின் 24 இன்ச் அகலம், 27 இன்ச் நீளம். இரண்டு பக்கமும் மேலேயும் 2 இன்ச், கீழே மட்டும் 3 இன்ச் விட்டேன். ஆக உள் அளவு 28க்கு 32. நான்கு பக்கமும் சமமாக விட்டால் ஜெர்சி கீழே நழுவி நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த ஒரு இன்ச். பக்கத்தில் போட்டோ, மெடல், ஸ்கோர் ஷீட் ஏதாவது வைப்பதாக இருந்தால் அதையும் தரையில் வைத்தே அளந்துகொள்ளுங்கள். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிக்கிற ஆசை வரும். வேண்டாம். மெடல் உலோகம் துணியில் உரசினால் கறுப்புத் தடம் விழும்.

ஆழம்தான் எல்லோரும் தவறவிடுவது. கண்ணாடி துணியைத் தொடவே கூடாது. உள்ளே போகும் போர்டு, பஞ்சு, துணி, காலர் எல்லாம் சேர்த்து முக்கால் இன்ச்சுக்கு மேல் வரும். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை இன்ச்சாவது காற்று வேண்டும். ஆகவே பிரேமின் உள் ஆழம் குறைந்தது ஒன்றரை இன்ச், காலர் தடிமனாக இருந்தால் 2 இன்ச்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

சென்னைக்காரர்கள் பூங்கா நகர் தேவராஜ முதலி தெருவுக்குப் போனால் கண்ணாடியும் பிரேமும் ஒரே நடையில் முடிந்துவிடும். மற்ற ஊர்களில் ஒரு நல்ல பிரேம் கடையும் ஒரு கண்ணாடிக் கடையும் போதும். "போட்டோ பிரேம்" என்று கேட்டால் அரை இன்ச் ஆழத்தில்தான் தருவார்கள். "பெட்டி பிரேம், உள்ளே ரெண்டு இன்ச் ஆழம், கண்ணாடிக்கும் பின் பலகைக்கும் நடுவுல சுத்தி ரீப்பர் வைக்கணும்" என்று படம் வரைந்தே காட்டிவிடுங்கள். ரீப்பர் என்றால் ஒல்லியான மரச் சட்டம். நான் போன கடையில் பெரியவர் ஒருவர் என் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஒட்டினாத்தான் நிக்கும், இல்லேன்னா சரிஞ்சு கீழ வந்துரும்" என்றார். "இல்லண்ணே, உள்ள நான் தைச்சுக்கறேன். நீங்க பெட்டியும் கண்ணாடியும் மட்டும் குடுங்க" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

பின் பலகையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஹார்ட்போர்டு, எம்.டி.எஃப், பிளைவுட் மூன்றிலிருந்தும் வருஷக்கணக்கில் அமில வாடை கசிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் துணி பழுப்பேறும். அமிலம் நீக்கிய மவுண்ட் போர்டும் (படத்துக்குப் பின்னால் வைக்கும் தடித்த அட்டை) ஃபோம் போர்டும் ஓவியப் பொருள்கள் விற்கும் பெரிய கடைகளில் கிடைக்கும். ஜெர்சி தொடுகிற பலகை அதுவாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் பலத்துக்காக பிளைவுட் வைப்பதானால், இரண்டுக்கும் நடுவே சமையலறை அலுமினியத் தாளை மடிப்பில்லாமல் விரித்துவிடுங்கள். வாடையும் ஈரமும் தாண்டாது. விளம்பரப் பலகைக்குப் போடுகிற சன்போர்டு வேண்டாம், அது பி.வி.சி. பிளாஸ்டிக், அதிலிருந்தும் அமில வாடை கசியும். கரையான் உள்ள ஊர் என்றால் மரச் சட்டத்துக்குப் பதில் அலுமினியச் சட்டம் நல்லது. கொஞ்சம் அலுவலகக் களை அடிக்கும், வேறு குறையில்லை.

பின்னணி நிறம் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் சொல்வேன்: மஞ்சள் ஜெர்சிக்கு மஞ்சள் பின்னணி வைக்காதீர்கள். பாதி வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். சாம்பல், கறுப்பு, வெள்ளை மூன்றில் ஒன்று எந்த ஜெர்சிக்கும் பொருந்தும். நிறத் துணி ஒட்டுவதானால் சாயம் போகாத, ஒருமுறை அலசிய துணியாக இருக்கட்டும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

எடையில் ஆரம்பிப்போம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 28க்கு 32 இன்ச் என்றால் ஏறக்குறைய 0.58 சதுர மீட்டர், 4 மி.மீ. கண்ணாடி 5.8 கிலோ வரும். அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் 2 கிலோ சொச்சம். குழந்தைகள் பந்து அடிக்கிற கூடத்தில் அக்ரிலிக்தான் நிம்மதி, விழுந்தாலும் சில்லுச் சில்லாகப் போகாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும். உலர்ந்த துணியால் துடைத்தால் மின்னேற்றம் ஏறித் தூசியையும் நூல் பிசிறையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் அக்ரிலிக்கை மங்கச் செய்யும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்.

எடையை விட முக்கியம் வெளிச்சம். சாயத்தை வெளுக்க வைப்பதில் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு. சாதாரணக் கண்ணாடி அதில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மிச்சம் உள்ளே வந்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் பிரேம் கண்ணாடியும் அக்ரிலிக்கும் இருக்கின்றன, ஆனால் எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. கிடைக்காவிட்டால் லேமினேட்டட் கண்ணாடியைக் கேளுங்கள். கார் முன் கண்ணாடி மாதிரி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து அழுத்தியது. அந்தப் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்திவிடும். பெரிய கண்ணாடிக் கடைகளில் வெட்டித் தருவார்கள். எடைதான் பாடு: 3 மி.மீ. இரண்டு சேர்ந்தால் நம் அளவுக்கு 8.7 கிலோ. மாமாவின் சுவர் பழைய செங்கல் சுவர், தாங்கும் என்று அதையே போட்டேன்.

இதைப் போட்டுவிட்டோம் என்று வெயில் படும் சுவரில் மாட்டிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும், கொஞ்சம் மெதுவாக. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை என்று ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டு ஜன்னலோரம் அதைப் போலப் பல மடங்கு.

உள் உருவம் வெட்டுவது

இனி கைவேலை. கூர்மையான கட்டர், இரும்பு ஸ்கேல், குத்தூசி, மெல்லிய ஊசி, ஜெர்சி நிறத்திலேயே பாலியஸ்டர் நூல், தலையணைக்குள் போடும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு. இவ்வளவுதான்.

ஜெர்சியை நேராகப் பின் பலகையில் தைத்தால், தைத்த இடம் ஒவ்வொன்றிலும் துணியின் எடை தொங்கி நாளடைவில் மூக்கு மாதிரி கூம்பிக்கொள்ளும். அதனால் ஜெர்சிக்கு உள்ளே ஓர் உடம்பு வேண்டும். மவுண்ட் போர்டில் ஜெர்சியின் வெளிக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, எல்லாப் பக்கமும் அரை இன்ச் உள்ளே தள்ளி இன்னொரு கோடு வரைந்து, அதை வெட்டுங்கள். தோள் முனைகளையும் அக்குளையும் நன்றாக வளைத்து விடுங்கள். கூர்முனை இருந்தால் துணிக்கு வெளியே குத்திக்கொண்டு தெரியும். கழுத்துப் பகுதி காலருக்குக் கீழே மறைகிற அளவுக்கு இறங்க வேண்டும். முதல் தடவை நான் அதை மறந்து, காலருக்கு நடுவே வெள்ளை அட்டை எட்டிப் பார்த்தது.

வெட்டிய உருவத்தின்மேல் பஞ்சு விரிப்பை ஒரு சுற்று போர்த்தி, பின்பக்கம் நூலால் இழுத்துக் கட்டுங்கள். மார்பு லேசாகப் புடைத்து நின்றால் சட்டைக்கு உயிர் வந்துவிடும். நிறையத் திணித்தால் தலையணை உறை ஆகிவிடும். அப்புறம் ஜெர்சியைக் குழந்தைக்குச் சட்டை போடுவதைப் போலக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். கைகளுக்குள் அமிலம் நீக்கிய டிஷ்யூ தாளைத் தளர்வாகச் சுருட்டி வைக்கலாம். மடிப்பு விழும் இடங்களிலும் ஒரு சுருள் வைத்தால் கத்தி மடிப்பு விழாது. கத்தி மடிப்பில்தான் இழை முதலில் அறும்.

தைப்பது

உருவத்தோடு ஜெர்சியைப் பின் பலகையில் வைத்து, நான்கு பக்கமும் அளந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தைக்க வேண்டியது தையலிலேயே: காலர் தையல், தோள் தையல், அக்குள், கை விளிம்பு, கீழ் மடிப்பு. துணியின் நடுவில் ஊசி இறங்கவே கூடாது. ஜெர்சித் துணி பின்னல் துணி. ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி ஓடிவிடும். துணிக்கடையில் பின்னல் துணிக்கென்று உருண்டை முனை ஊசி விற்பார்கள், அது இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் குத்தூசியால் பலகையில் இரண்டிரண்டு துளையாகப் போட்டுக்கொள்ளுங்கள், துளைகளுக்கு நடுவே அரிசி நீளம் இடைவெளி. ஊசி பின்னாலிருந்து வந்து, தையலின் உள்பக்க நூல் ஒன்றிரண்டை மட்டும் பிடித்து, பக்கத்துத் துளை வழியாகத் திரும்பிப் போக வேண்டும். இழுத்து இறுக்காதீர்கள். நகம் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். பின்னால் முடிச்சு போட்டு அரை இன்ச் வால் விடுங்கள். என்றைக்காவது அறுத்து எடுக்க அந்த வால்தான் பிடி. மாமாவின் ஜெர்சிக்கு 26 இடத்தில் போட்டேன், அதில் 10 தோளிலும் காலரிலும். எடை முழுவதும் தொங்குவது அங்கேதான். கீழ் ஓரத்தில் நான்கு போதும், அவை விரிந்து நிற்பதற்கு மட்டும்.

கையெழுத்துக்கும் வினைல் எண்ணுக்கும் பக்கத்தில்கூடத் துளை போட வேண்டாம். துணிக்கடை விலைச்சீட்டு மாட்டும் துப்பாக்கியால் டக் டக் என்று பிளாஸ்டிக் கம்பி அடித்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஊசி தடிமன். பின்னல் துணியில் அது போடும் ஓட்டை திரும்ப மூடாது.

தைத்து முடித்ததும் உடனே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பலகையைச் சுவரில் சாய்த்து, ஒரு ராத்திரி நிற்க வையுங்கள். காலையில் பார்த்தால் குறை எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு இடது தோள் கால் இன்ச் இறங்கியிருந்தது. இரண்டு முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.

மூடுவதற்கு ஒரு நல்ல நாள்

நாள் நட்சத்திரம் பார்க்கச் சொல்லவில்லை, வானம் பார்க்கச் சொல்கிறேன். நம் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதற்கு மேலே போய் அப்படியே நின்றால் பூஞ்சை வர ஆரம்பிக்கும். மழை நாளில் பெட்டியை மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டுகிறோம். அட்டை, துணி, பஞ்சு எல்லாம் தண்ணீர் குடித்தவை. ஆகவே வறண்ட நாளாகப் பார்த்து, எல்லாப் பொருளையும் ஏசி அறையில் ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டுவிட்டு, அதே அறையிலேயே மூடுங்கள். நான் தை மாதம் வரை காத்திருந்தேன்.

கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்து முழுதாகக் காய விடுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, துணியில் இருக்கும் நூல் பிசிறு, தலைமுடியைப் பொறுக்கி எடுங்கள். மூடியபிறகு ஒரே ஒரு முடி உள்ளே தெரிந்தால் அது வாழ்நாள் முழுக்க உங்களை மட்டும் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் கண்ணாடி, சுற்று ரீப்பர், ஜெர்சிப் பலகை, அலுமினியத் தாள், பின் பலகை என்ற வரிசையில் பெட்டிக்குள் இறக்கி, பின் பலகையைச் சின்ன ஸ்குரூவால் முடுக்குங்கள். ஆணி அடித்தால் அடிக்கிற அதிர்ச்சியில் உள்ளே பஞ்சு இடம் மாறும், திறக்கவும் கஷ்டம். சுற்று விளிம்பைக் காகித டேப்பால் மூடினால் தூசியும் ராமபாணப் பூச்சியும் நுழையாது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது ஓரளவு ஈரம் குடித்ததும் வயிறு நிறைந்து சும்மா கிடக்கும். பின் பலகையில் கதவு மாதிரி ஒரு சின்னத் துண்டு வெட்டி, மாற்றக்கூடிய விதமாக வைத்தால் பயன் உண்டு. அந்துருண்டை மட்டும் கூடவே கூடாது. அதன் ஆவி தெர்மக்கோல் வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஃபோம் போர்டின் நடுப்பகுதி பெரும்பாலும் அதே வகைதான். போதாக்குறைக்குப் பாலியஸ்டரை அந்துப்பூச்சி தின்பதும் இல்லை.

ஜெர்சி உடனே பிரேமுக்குப் போகவில்லை, கொஞ்ச நாள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் பாலித்தீன் கவரில் போட்டு வைக்காதீர்கள். வெள்ளைத் துணி அதில் இருந்தே மஞ்சளாகும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பது போதும்.

மாட்டுவது

குளியலறைக்குப் பொதுவான சுவர், மேற்கு வெயில் குடிக்கிற சுவர், பூஜை விளக்குக்கு மேலே, சமையலறைக்கு எதிரே: நான்கையும் தள்ளிவிடுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் சரியில்லை, கண்ணாடி சில்லிட்டு உள்ளே வேர்க்கும்.

பத்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும் பெட்டிக்கு ஒற்றை ஆணியும் கயிறும் போதாது. பெட்டியின் இரண்டு பக்கமும் தகட்டு வளையம், சுவரில் அதற்கு நேராக இரண்டு துளை, டிரில்லில் 8 மி.மீ. பிட், பிளக், நல்ல ஸ்குரூ. ரசமட்டம் வைத்துப் பார்த்துத் துளை போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கென்று இருக்கும் விரியும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் கீழ் மூலைகள் இரண்டிலும் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் பொத்தானை ஒட்டிவிட்டால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே காற்று ஓடும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் நேராகப் பலகையில் ஏறாது.

வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, பின்னால் டேப் விட்டிருக்கிறதா, கண்ணாடியின் உள்பக்கம் மூட்டம் இருக்கிறதா, தோள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டம் இருந்தால் அடுத்த வறண்ட நாளில் திறந்து காய வையுங்கள், ஆறு ஸ்குரூதான்.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதற்கு ஓவியக் கூடங்களில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிரேமின் நடு, தரையிலிருந்து 57 இன்ச் அளவில், நிற்பவரின் கண்ணுக்கு நேராக. நானும் அப்படியே அளந்து மாட்டினேன். இரண்டு நாள் கழித்து மாமா போன் செய்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாய்வு நாற்காலியில உக்காந்தா அந்தக் கறை மேல டியூப் லைட்டு வெளிச்சம் விழுந்து தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் இறக்குடா." டிரில்லை எடுத்துக்கொண்டு போய் 9 இன்ச் இறக்கிவிட்டு, பழைய துளைகள் இரண்டையும் பட்டி வைத்து அடைத்துவிட்டு வந்தேன்.